குலுங்கக் கூடாத சாமான்

"சுத்தியல் வேண்டாம்ணே! கையாலயே கழட்டுங்க."

ஜீப்புக்கு அடியிலிருந்து பட்டறைக்காரர் தலையை மட்டும் வெளியே நீட்டினார். "தங்கச்சி, இது வருஷக்கணக்கா ஸ்பிரிங்குக்குள்ளயே ஊறிப்போன ரப்பர் கட்டை. தட்டாம எப்படி வரும்? கெஞ்சினா வந்துடுமா?"

"கெஞ்சித்தான் பாருங்களேன். மேல இருக்கற சாமான் குலுங்கிச்சுன்னா என் கதை முடிஞ்சுது."

வந்ததிலிருந்து அவள் இப்படித்தான் படுத்தி எடுத்தாள். ஜீப்பின் பின்பாதி முழுக்க ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது. பாரம் தாங்காமல் பின்பக்கச் சுருள் ஸ்பிரிங் இரண்டும் அமுங்கி, வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் வந்து நின்றது. ஜாக்கி வைத்துத் தூக்கிய பிறகே அவரால் அடியில் புக முடிந்தது. அவள் போக வேண்டியது மலை உச்சிக்கு. பாதை என்று பேர்தானே தவிர, எல்லாம் பள்ளமும் பாறையும். போன தடவை ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி இடித்து, ஏற்றியதில் பாதி பாழாய்ப் போய்விட்டதாம். இந்தத் தடவையும் அப்படி ஆனால் பிழைப்பே போய்விடும் என்றாள். மழை விட்டு வெயில் வருவதற்குள் கிளம்பியாக வேண்டும் என்றாள். சாமான் என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை.

"கண்ணாடியா?"

"இல்லண்ணே."

"வெயில் ஆகாதுங்கற. ஐஸா? மீனா?"

"வேலையப் பாருங்கண்ணே." அவள் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துச் சாக்கின் மேல் நிதானமாக ஊற்றினாள்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே ரப்பர் கட்டையைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தடவி, இரண்டு கையாலும் திருகினார். சமர்த்தாகக் கையோடு வந்துவிட்டது. அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

அவள் பையிலிருந்து இரண்டு தடித்த ரப்பர் உருளைகளை எடுத்து நீட்டினாள். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடு.

"என்னது, பலூனா? இரும்பு ஸ்பிரிங்கே படுத்துடுச்சு, இந்தப் பலூனா தூக்கப் போகுது? யாரோ உன் தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்காங்க."

"வெச்சுப் பாருங்க. பிறகு பேசுங்க."

அவள் சொன்னபடியே உருளையை நசுக்கிக் காற்றையெல்லாம் வெளியேற்றி, காற்றுத் துளைக்கு மூடியைப் போட்டு, பாய் சுருட்டுவதுபோல நீளவாக்கில் சுருட்டினார். ஸ்பிரிங்கின் வளையங்களுக்கு நடுவே அதை விரலால் தள்ளித் தள்ளி உள்ளே நுழைத்தார். மூடியைத் திறந்ததும், உள்ளே கிடந்த உருளை தானாகவே மூச்சை இழுத்து நிமிர்ந்துகொண்டது.

"அட!" என்றார் அவர், தன்னையும் அறியாமல்.

மறுபக்கமும் அப்படியே ஆயிற்று. உருளைகளில் மாட்டிய இரண்டு மெல்லிய காற்றுக் குழாய்களையும் பின்னால் நம்பர் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பொருத்தி, ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கினார். கம்பிரசர் சத்தம் ஆகாது என்று அவள் சொல்லிவிட்டதால், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்து மிதித்தார்.

வண்டி எழுந்தது. ஒரு மனுஷனின் கால் அழுத்தத்துக்கு, அத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டு, விரல் விரலாக எழுந்தது. தாழ்ந்து கிடந்த பின்பாதி முன்பாதிக்குச் சமமாக வந்து நின்றபோது அவர் மிதிப்பதையே மறந்துவிட்டார்.

"இத்தனை காலம் வண்டிக்கு அடியில கிடந்திருக்கேன் தங்கச்சி. காத்துக்கு இவ்வளவு தெம்பு இருக்கும்னு இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

"நன்றிண்ணே. நான் கிளம்பறேன்."

அப்போதுதான் தகரக் கூரையில் விடாமல் இரைந்துகொண்டிருந்த மழை நின்றது. பட்டறை அமைதியானது. அவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"இரு. ஏதோ சத்தம் கேட்குது."

"எனக்கு ஒண்ணும் கேட்கலையே."

"'உம்'முனு இரையுது பாரு. காத்து கசியுது." மறுபடி அடியில் புகுந்தார். குழாய், மூடி, இணைப்பு என்று எல்லா இடத்திலும் சோப்பு நுரை வைத்துப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். என்ஜின் ஓடாத வண்டி, உயிர் இருப்பதுபோல அதிர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, கெஞ்சிக் கேட்கறேன், வழியை விடுங்க. வெயில் வந்துடுச்சு!"

"கசியற வண்டிய மலைக்கு அனுப்பிட்டு எனக்குத் தூக்கம் வருமா? முடியாது."

வாசல் வழியாக வந்த வெயில் சாக்கின் மேல் பளீரென்று விழுந்தது. சத்தம் இரண்டு மடங்காயிற்று. பட்டறைக்காரர் அலறிப் புடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பலூன் வெடிக்கப் போகுது! தள்ளிப் போ, காத்தை இறக்கிடறேன்!"

காற்றை இறக்கினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் எதுவும் மிஞ்சாது. அவள் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அது காத்து இல்லண்ணே. ரெண்டு பட்டறையில உண்மையச் சொன்னேன். ரெண்டு பேருமே ஷட்டரை இழுத்து மூடிட்டாங்க. அதான் உங்ககிட்ட சொல்லல."

சொல்லிக்கொண்டே சாக்கின் ஒரு மூலையைத் தூக்கிக் காட்டினாள்.

கம்பி வலைக்குப் பின்னால் கூரை வரைக்கும் மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. இவ்வளவு நேரமும் அவர் மல்லாந்து கிடந்த இடத்துக்கு நேர் மேலே, வெயில் பட்டுச் சூடேறி, லட்சக்கணக்கான தேனீக்கள் சிறகடித்துக்கொண்டிருந்தன.