ஜன்னல் சத்தம்

மழை ஓய்ந்த பிறகும் ஃபிர் மரங்கள் சொட்டிக்கொண்டிருக்கின்றன. கார்பாத்திய மலைச்சாலையின் வளைவில், தடுப்புச் சுவரோரம், எங்கள் பெண் கரடி குட்டியோடு உட்கார்ந்திருக்கிறது. அதன் ஈர முதுகிலிருந்து ஆவி எழுகிறது. குட்டி ஒரு பிஸ்கட் உறையை நக்குகிறது. கையில் ரொட்டி நீட்டிய பயணி ஒருவனை நேற்று இது அடித்துக் கொன்றுவிட்டதால், போலீஸ்காரர்கள் எங்கள் பேருந்தைச் சற்றுத் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள்.

"தினம் ரொட்டி போட்டு ரோட்டுக்கு இழுத்தது நீதானய்யா," என்கிறாள் முன்சீட்டில் இருக்கும் சவேத்தா.

"ஆமா, நான் மட்டுந்தான் போட்டேன்!" டிரைவர் நிகிஃபோர் திரும்பாமலே சீறுகிறார். "'கிட்டப் போய் நிறுத்துங்கண்ணே, தங்கச்சிக்குப் போட்டோ அனுப்பணும்'னு கெஞ்சினது யாராம்?"

சவேத்தா மடியிலிருக்கும் ரொட்டிப் பையைச் சுருட்டிக் காலடியில் தள்ளுகிறாள். நானும் என் பையை மூடுகிறேன்.

வனத்துறை ஜீப் எங்களைக் கடந்து ஊர்ந்துபோய்க் கரடியின் எதிரே நிற்கிறது. ஜன்னல் கண்ணாடி முனகிக்கொண்டு இறங்குகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் கரடி எழுந்து வருகிறது. வழக்கம்போலப் பின்னங்காலில் நின்று, முன்பாதங்களைக் கதவில் வைத்து, வாயைத் திறக்கிறது. உள்ளேயிருந்து துப்பாக்கி முனை நீள்கிறது.

வெடிச்சத்தம் மலையில் மோதித் திரும்புகிறது. கரடி கதவோடு சரிந்து தார்ச்சாலையில் விழுகிறது. குட்டி அதன் மூக்கை முகர்கிறது.

"போதும், பார்க்க முடியல," என்று முணுமுணுத்து நிகிஃபோர் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றுகிறார். அது கிறீச்சிடுகிறது.

குட்டி நிமிர்ந்து பார்க்கிறது. எங்களை நோக்கி ஓடிவந்து, டிரைவர் கதவடியில் பின்னங்காலில் நின்று, வாயைத் திறக்கிறது.