பழைய ஆணி, புது ஆணி

அண்ணனைத் தம்பி வெட்டிய வாள் அது. வெட்டிய வாளைச் செத்தவன் வீட்டுக்கே கொடுத்துவிட வேண்டும், பழி தீரும்வரை கழுவக் கூடாது என்பது அந்த வம்சத்து வழக்கம். அதனால் கறையோடு கூடத்துச் சுவரில் தொங்கியது. செத்தவனின் மகன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் வீட்டார் வாளை ஒரு தரம் பார்ப்பார்கள், அவனை ஒரு தரம் பார்ப்பார்கள்.

வாளுக்கு அலுத்துவிட்டது. தன்னைத் தாங்கிய ஆணியிடம் கெஞ்சியது.

"என்னை விட்டுவிடேன். விழுந்து மழுங்கினால் பழைய இரும்போடு போட்டுவிடுவார்கள். இன்னொரு உடம்பைத் தொட எனக்குத் தெம்பில்லை."

"கொஞ்சம் பொறு," என்றது ஆணி. "பையன் மனசு மாறிக்கொண்டு வருகிறது. நேற்றுச் சித்தப்பாவுக்கு இருமல் என்று கஷாயம் கொடுத்தனுப்பினான்."

"பொறுத்துப் பொறுத்துத்தான் துரு ஏறிக் கிடக்கிறேன்."

ஆணிக்குப் பாவமாக இருந்தது. பிடியைத் தளர்த்தியது.

கல்தரையில் வாள் விழுந்த சத்தத்துக்கு வீடே ஓடி வந்தது. முனை நன்றாகவே மழுங்கியிருந்தது. அதை யார் பார்த்தார்கள்?

"உங்கப்பா இறங்கி வந்து கேட்கிறார்டா," என்றாள் தாய்.

மகன் குனிந்து வாளை எடுத்துக்கொண்டு, கொல்லையிலிருந்த சாணைக்கல்லை நோக்கி நடந்தான்.

மறுநாள் சித்தப்பாவின் மகன் வந்து, வழக்கப்படி வாளைக் கேட்டான். "ஆணியும் வேண்டுமா?" என்று கேட்டார்கள்.

"வேண்டாம். வீட்டுச் சுவரில் புதுசு அடித்துவிட்டுத்தான் வந்தேன்," என்றான்.