கட்டிலின் தலைமாடு

கட்டிலும் அடுப்பும் உள்ள பழைய மோட்டார்ஹோம் வண்டி ஒன்றை இன்றே வாங்கியாக வேண்டும். அறுபத்தெட்டு வயதுக் குலசிங்கம் பாபகூரா புறநகரில் பார்க்கும் மூன்றாவது வண்டி இது. முதல் இரண்டையும் மனைவி புஷ்பவதி வேண்டாமென்றுவிட்டாள்.

"இஞ்சருங்கோ, இதிலையும் தலைமாடு வடக்கையெல்லோ வரும்," என்றாள், கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு.

விற்க வந்த ரவிசங்கர் சிரித்தார். "வடக்கே தலை வச்சுப் படுக்கக்கூடாது, சரிதான். ஆனா இது வண்டிம்மா! ஊர் ஊராப் போகப்போறீங்க. திருப்பி நிறுத்துனா தெற்கு."

"திருப்பேலாது தம்பி. கதவு ரோட்டுப் பக்கம் வரக்கூடாதெண்டு மருமகள் சொல்லிப்போட்டா."

"ஓ, மருமகளும் கூட வர்றாங்களா?"

"இல்லை," என்றார் குலசிங்கம். "இது மகன்ர வீட்டு முன் ட்ரைவ்வேயிலதான் நிக்கப்போகுது. வீட்டில எங்கட அறைக்கு நாளைக்கு வாடகைக்கு ஆக்கள் வருகினம்."