நீலாம்பரி என்ற கழுதைக்குட்டி

சலவைத்துறைக் கழுதை தன் குட்டிக்கு நீலாம்பரி என்று பெயர் வைத்தது. வேப்பமரத்தில் இருந்த ஆண் குயிலுக்குப் பொறுக்கவில்லை.

"அது ராகத்தின் பெயர். கத்துகிற ஜென்மத்துக்கு எதற்கு? வேறு வை."

கழுதைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வயிற்றில் இவள் உதைக்கும்போதெல்லாம் பாட்டு டீச்சர் வீட்டு ஜன்னலோரம் போய் நிற்பேன். டீச்சர் தன் குழந்தையை நீலாம்பரி பாடித் தூங்க வைப்பாள். அதைக் கேட்டுத்தான் இவளும் அடங்குவாள். பன்னிரண்டு மாதம் அழுக்கு மூட்டையோடு இவளையும் சுமந்தவள் நான். பெயர் வைக்க உன்னைக் கேட்கணுமா?"

"சங்கீதம் தெரிந்தவன் சொல்கிறேன், கேள்" என்றது குயில்.

"சரி, உன் பிள்ளைகளுக்கு என்ன பெயர்?"

குயில் அடுத்த கிளைக்குத் தாவியது.

"காக்கையிடம் போய்க் கேட்டுக்கொண்டு வா. அப்புறம் என் பிள்ளைக்குப் பெயர் சொல்லலாம்."