வாயைத் திறங்க

தையல் மறுபடியும் விட்டிருந்தது.

சபாபதியின் வலது காதுக்கு முன்னால் பஞ்சை எடுத்ததுமே தெரிந்தது. மஞ்சளாக ஈரம். டாக்டர் பெருமூச்சு விட்டார். பூங்கோதை விடவில்லை. விட்டு விட்டு ஓய்ந்துபோயிருந்தாள்.

அவள் கணவர் சபாபதி கண்ணாடி கேட்டார். யாரும் கொடுக்கவில்லை.

உள்ளூர் கேபிள் டிவியில் மாலைச் செய்தி வாசிப்பவர். கன்னம் தொங்கிவிட்டது என்று யாரோ சொன்னார்களாம். மதுரையில் மீட்டிங் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். முகத்தோலை இழுத்துத் தைத்துக்கொண்டு, தலையைச் சுற்றிக் கட்டோடு வந்து இறங்கினார்.

பூங்கோதை அதையும் பொறுத்துக்கொண்டாள்.

"பல்லுல ஏதாவது தொந்தரவு இருக்கான்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்டேனே சார்?" என்றார் டாக்டர்.

சபாபதி மின்விசிறியைப் பார்த்தார்.

இருக்கிறது என்று அவள்தான் வருஷக்கணக்காகச் சொல்கிறாள். வாஷ்பேசினில் ரத்தம். தலையணை உறையில் ரத்தம். பக்கத்தில் படுக்க முடியாத வாடை. சொன்னால் கோபம் வரும். பல் டாக்டரிடம் அடுத்த வாரம் போகலாம் என்பார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

டாக்டர் இப்போது அவளிடம் பேசினார்.

"எக்ஸ்ரே பார்த்தேன்மா. ஈறு பூரா சீழ். உடம்போட எதிர்ப்பு சக்தியெல்லாம் அங்கயே சண்டை போட்டுக்கிட்டு இருக்கு. அப்புறம் தையல் எப்படி ஆறும்? நாளைக்கே பல் டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் உப்புத் தண்ணியில கொப்புளிக்கணும். கொப்புளிச்சாரான்னு நீங்க பாருங்க."

நாற்பத்தெட்டு வயதுப் பிள்ளை.

வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பாக உப்புத் தண்ணீர் கலந்து கொண்டுவந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"நானே பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே. வாயைத் திறங்க."

கொப்புளித்துத் துப்பிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள்.

கீழே இரண்டு பக்கமும் கடைவாயில் பல்லே இல்லை. வீங்கிச் சிவந்த ஈறு மட்டும். ஒரு ஓரத்தில் கறுத்த வேர்.

எப்போது போயின? எங்கே போய்ப் பிடுங்கிக்கொண்டார்?

ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள் சுட்ட முறுக்கை ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டு, எண்ணெய் வாடை என்று தட்டைத் தள்ளிவைப்பார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

டார்ச்சை அணைத்தாள்.

அவர் வாயை மூடவில்லை.

திறந்த வாயோடு, குழறலாகச் சொன்னார்.

"மேல பாரு. அங்கதான் ஜாஸ்தி."