இழுத்துப்போன மீன்

தூண்டிலில் சிக்கிய ஆளுயரச் சூரை மீன், அவனைச் சின்னஞ்சிறு கயாக் படகோடு இழுத்துக்கொண்டு ஓடியது. தூண்டில் நரம்பு அறுத்து உள்ளங்கையில் இரத்தம் கசிந்தது.

கண்ணுக்கெட்டாத தூரத்தில், கரையில் நின்ற மனைவி செல்போனில் அழுதாள். "மீன் போனாப் போகட்டுங்க. நரம்பை வெட்டி விட்டுடுங்க."

"முடியாது."

"என்னையும் பிள்ளையையும் விட அந்த மீன் பெருசாப் போச்சா?"

அவன் போனை அணைத்துவிட்டு, "நின்னுடாதம்மா," என்று மீனிடம் கெஞ்சினான்.

படகின் அடியில் கரையோர மணல் உரசியதும், கத்தியை எடுத்து நரம்பை வெட்டினான். மீன் கடலுக்குத் திரும்பியது.

ஓடிவந்த மனைவி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "இப்படி விடறதுக்கா அவ்வளவு பிடிவாதம்?"

"துடுப்பை அலை அடிச்சிட்டுப் போயிடுச்சு. காத்து வேற நடுக்கடலுக்குத் தள்ளுச்சு. சொன்னா நீ தாங்கமாட்டேன்னுதான் சொல்லல. என்னைக் கரைக்கு இழுத்துட்டு வந்ததே அந்த மீன்தான்."