மணியின் மேல் ஒரு துளி

காலையில் சைக்கிள் மணியின் மேல் ஒரு பனித்துளி உட்கார்ந்திருந்தது. வெயில் ஏற ஏற அதற்கு நடுக்கம்.

"அண்ணே, நான் காஞ்சு போயிட்டா திரும்பி வருவேனா?"

"கட்டாயம் வருவே," என்றது சைக்கிள். "மேகமாகி, மழையாகி வருவே. அதுக்குப் பேரு நீர்ச்சுழற்சி. இங்கிலீஷ்ல அதுவும் சைக்கிள்தான், என் பேரு. கிரேக்கத்துல அந்தச் சொல்லுக்கு வட்டம்னு அர்த்தம். வட்டத்துல போறவன் தொலைய மாட்டான்."

"வந்தா உங்களை எனக்கு அடையாளம் தெரியுமா?"

சைக்கிள் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே மணி காய்ந்துவிட்டது.

சாயங்காலம் மழை. மணியில் ஒவ்வொரு துளி விழும்போதும், "நீதானா?" என்று சைக்கிள் கேட்டது. எல்லாம் வழுக்கி ஓடின. மழை விட்ட பிறகு ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டு, நடுங்கியபடி கேட்டது:

"நீங்க யாருண்ணே? நான் காஞ்சு போயிட்டா திரும்பி வருவேனா?"